இஞ்சிப் பியர் சரிவராவிட்டால்: போத்தலைப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிப்பது எப்படி?

வீட்டில் பியர் காய்ச்சக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டு வருகிற இளைஞர்களுக்கு முதல் பதில் இது: இலங்கையில் உரிமம் இல்லாமல் மதுபானம் உற்பத்தி செய்வது 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டப்படி குற்றம். லண்டனில் இருக்கும் அத்தான் தன் வீட்டுக் குசினியில் பார்லி முளைமாவும் ஹொப்ஸ் பூவும் போட்டுக் காய்ச்சிப் படம் அனுப்பலாம். அங்கே சொந்தப் பாவனைக்குக் காய்ச்ச 1963இலிருந்து உரிமம் தேவையில்லை. மாங்குளத்தில் அது நடக்காது. வன்னி வீடுகளில் செய்யப்படுவது இஞ்சிப் பியர். வேலை செய்வது அதே ஈஸ்ட், அதே சீனி, அதே வாயு. புதிதாகத் தொடங்குகிறவர் விடுகிற பிழைகளும் அவையேதான்.

கெட்டுப்போன போத்தலோடு என் படலையைத் தட்டுகிறவர்கள் பெரும்பாலும் செய்முறையைத்தான் குறை சொல்கிறார்கள். செய்முறையில் பிழை இருப்பது அரிது. குளிர்நாட்டில் எழுதப்பட்ட "மூன்று நாள் வையுங்கள்" என்ற ஒரு வரியை வன்னி வெயிலில் அப்படியே நம்புவதில்தான் பாதி வினை. இங்கே நாட்காட்டிக்கு வேலை இல்லை. போத்தலை விரலால் அமுக்கிப் பார்க்க வேண்டும். கீழே வருகிற எல்லாவற்றுக்கும் அதுவே அடிப்படை.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவு

பிழையைத் தேடுவதற்கு முன் சரியானது எது என்று தெரிந்திருக்க வேண்டும். இரண்டு லீற்றர் தண்ணீர், 100 கிராம் இஞ்சி, 200 கிராம் சீனி, மூன்று தேசிக்காய், தேக்கரண்டியில் எட்டில் ஒரு பங்கு பாண் ஈஸ்ட். இஞ்சியை இடித்து, சீனியோடு தண்ணீரில் 15 நிமிடம் கொதிக்கவிட்டு, முழுதாக ஆறவிடுங்கள். வடித்து, தேசிக்காய் பிழிந்து, ஈஸ்டைக் கலந்து, பிளாஸ்டிக் சோடாப் போத்தல்களில் மேலே மூன்று விரல் இடம் விட்டு ஊற்றி இறுக மூடுங்கள்.

பங்குனி முதல் ஆவணி வரை நிழலில் 12 முதல் 24 மணி நேரம் போதும். மார்கழி, தை மாதக் குளிரில் 36 முதல் 48 மணி நேரம் ஆகலாம். கடையில் வாங்கிய, திறக்காத சோடாப் போத்தல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து இரண்டையும் மாறி மாறி அமுக்குங்கள். இரண்டும் ஒரே இறுக்கம் என்றால் அந்த நிமிடமே குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள். குளிரில் ஈஸ்ட் அடங்கும், சாகாது. "சாகாது" என்பதை மறந்தவர்கள்தான் இரண்டாவது அறிகுறிக்கு வந்து சேர்கிறார்கள்.

அறிகுறி 1: வாயுவே ஏறவில்லை

"தம்பி, நேற்றுக் காலையில் வைத்தது, ஒரு குமிழிகூட இல்லை" என்று வருகிற அம்மாக்களிடம் நான் முதலில் கேட்பது மூடியைப் பற்றித்தான்.

மூடி கசிகிறதா? போத்தலை ஒரு வாளித் தண்ணீருக்குள் தலைகீழாக அமிழ்த்தி, வயிற்றைப் பலமாக அமுக்குங்கள். மூடியோரத்தில் குமிழி வந்தால் விடை கிடைத்துவிட்டது. பலமுறை திறந்து மூடிய பிளாஸ்டிக் மூடியின் உள்வளையம் தேய்ந்திருக்கும். வேறு மூடி போடுங்கள். செலவே இல்லாத திருத்தம் இது.

கசியவில்லை என்றால், நேரம் போதவில்லையா? மழைக்காலத்தில் சீமெந்துத் தரையில் வைத்த போத்தல் இரண்டு நாள்கூடச் சும்மா கிடக்கும். தரையிலிருந்து எடுத்து, அடுப்பங்கரையில் சூடு நேரே படாத ஓரத்துக்கு மாற்றி இன்னொரு நாள் பொறுங்கள். போத்தலின் அடியில் மெல்லிய வெண்படிவு சேர்ந்து, மூடியைத் திறக்கும்போது "உஸ்" என்று சிறு சத்தமாவது வந்தால் ஈஸ்ட் உயிரோடுதான் இருக்கிறது.

ஒரு சத்தமும் இல்லை என்றால், ஈஸ்டைச் சோதியுங்கள். அரைக் கோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி ஈஸ்டும் போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். மேலே நுரை குவிய வேண்டும். குவியாவிட்டால் ஈஸ்ட் செத்தது. பலசரக்குக் கடையில் பெரிய பொதியைப் பிரித்து, பொலித்தீனில் சிறிது சிறிதாகக் கட்டி, தகரக் கூரையின் கீழ் தொங்கவிட்டு விற்கும் ஈஸ்டுக்கு ஆயுள் குறைவு. முத்திரை உடையாத பொதியை வாங்கி, மீதியைக் காற்றுப் புகாத டப்பாவில் உறைபெட்டிக்குள் வையுங்கள்.

ஈஸ்ட் நுரைத்தது, போத்தலில்தான் நுரைக்கவில்லை என்றால், சூட்டோடு கலந்திருக்கிறீர்கள். 50 பாகை செல்சியஸைத் தாண்டினால் ஈஸ்ட் தாங்காது. மூடிய அலுமினியப் பானைக்குள் இஞ்சித்தண்ணீர் மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும், வெளிப்பக்கம் ஆறியதுபோலத் தெரிந்தாலும் நடுவில் சூடு நிற்கும். கிணற்றுத் தண்ணீர் நிரப்பிய அகன்ற பாத்திரத்தில் பானையை இறக்கி வைத்து, அகப்பையால் கலக்கிக் கலக்கி ஆற்றுங்கள். மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டால் சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. அந்தத் தொகுதியைக் கொட்ட வேண்டியதில்லை. புதிய ஈஸ்டை அதே அளவு போட்டு மறுபடி மூடினால் போதும், அன்றைக்கே என்றால்.

நீரிழிவுக்காரருக்கென்று இனிப்பு மாத்திரை போட்டுச் செய்தீர்களா? ஈஸ்ட் அதைத் தின்னாது. வாயுவுக்குச் சீனி வேண்டும்.

இவற்றில் எதுவும் இல்லை என்றால் தண்ணீர்தான் மிச்சம். அதை நான்காவது அறிகுறியோடு சேர்த்துப் பார்க்கலாம்.

அறிகுறி 2: போத்தல் கல்லாக இறுகிவிட்டது, திறந்தால் கூரை வரை பீறிடுகிறது, அல்லது வெடித்தேவிட்டது

இந்தப் பகுதியை மட்டுமாவது முழுதாக வாசியுங்கள். மற்றவற்றில் போவது சீனியும் இஞ்சியும், இதில் போகக்கூடியது கண்.

இப்போதே செய்ய வேண்டியது, போத்தல் பிளாஸ்டிக் என்றால்: அடிப்பக்கம் வெளியே பிதுங்கி, போத்தல் நேராக நிற்காமல் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் எல்லை தாண்டிவிட்டது. ஈரச் சாக்கால் மூடி, குளிர்சாதனப் பெட்டியில் அல்லது ஐஸ் வாளியில் இரண்டு மணி நேரம் வையுங்கள். குளிர்ந்ததும் வெளியில் கொண்டுபோய், முகத்தை விலக்கி, மூடியைக் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். வாயு சீறும், நுரை ஏறும். நுரை வாய்க்கு வருமுன் மறுபடி இறுக்குங்கள். அடங்கியதும் மீண்டும் கால் சுற்று. பொறுமையாகச் செய்தால் ஒரு சொட்டும் சிந்தாது.

போத்தல் கண்ணாடி என்றால்: தூக்காதீர்கள். குலுக்காதீர்கள். ஐஸ் தண்ணீரை மேலே ஊற்றாதீர்கள், திடீர்க் குளிரிலேயே கண்ணாடி விரியும். பிள்ளைகளை வெளியே அனுப்பி, சற்றுத் தள்ளி நின்று தடித்த ஈரச் சாக்கைப் போத்தல்களின் மேல் வீசி மூடுங்கள். விடியற்காலைக் குளிர் வரும்வரை அப்படியே கிடக்கட்டும். பிறகு மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தை அணிந்து, முகக்கண்ணாடியை இறக்கி, கைகளில் தடித்த துணி சுற்றி, சாக்கை விலக்காமலே மூடியைத் தளர்த்துங்கள். தலைக்கவசத்தோடு குசினிக்குள் போகிற ஆளைப் பார்த்து வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இனி, ஏன் இப்படி ஆனது?

போத்தல் தவறா? வன்னியில் எந்த வீட்டிலும் காலிச் சாராயப் போத்தல் இருக்கும். ஏ9 வீதியோரத்தில் தேன்கூட அதில்தான் நிறைத்து விற்கிறார்கள். தேனுக்கு அது போதும், வாயுவுக்குப் போதாது. அந்தக் கண்ணாடி அழுத்தத்துக்கென்று செய்யப்பட்டதல்ல. தண்ணீர் விற்கும் பிளாஸ்டிக் போத்தலும் வேண்டாம். சோடாப் போத்தலைக் கவிழ்த்துப் பாருங்கள்: அடியில் ஐந்து கால்கள் பிதுங்கி நிற்கும், நடுவில் உள்ளே குழிந்த கெட்டியான பொட்டு இருக்கும். அழுத்தத்தைத் தாங்குவது அந்த வடிவம். தண்ணீர்ப் போத்தலின் அடி பெரும்பாலும் தட்டையாகவும் மெல்லியதாகவும் இருக்கும், சுவரை இரண்டு விரலால் நசுக்கலாம். சோடாப் போத்தல் கிடைக்காவிட்டால் அன்றைக்குச் செய்யாதீர்கள்.

போத்தல் சரி என்றால், வைத்த இடம் எது? தகரக் கொட்டகைக்குள் நண்பகலில் இருக்கும் சூட்டில் ஈஸ்ட் தறிகெட்டு ஓடும். சூடு 10 பாகை கூடினால் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்று கணக்கு வையுங்கள். கிடுகால் வேய்ந்த மண் குசினியில் நிழலான மூலை நல்லது. அதுவும் இல்லாவிட்டால் அகன்ற தாச்சியில் நாலு விரல் தண்ணீர் விட்டு, அதில் போத்தல்களை நிறுத்தி, ஒரு சாரத்தை நனைத்துப் போர்த்தி, அதன் நுனி தண்ணீரில் தொங்கும்படி விடுங்கள். சோளகம் வீசும் நாட்களில் சாரம் காயக் காயப் போத்தல் சில பாகை குளிர்ந்து நிற்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் இந்த உபாயம் பலிக்காது, அப்போது பெரிதாகத் தேவையும் இல்லை.

இடமும் சரி என்றால், அளவைப் பாருங்கள். ஒரு லீற்றரில் 8 கிராம் சீனி வாயுவாக மாறினாலே பியருக்குரிய நுரை வந்துவிடும். நாம் போடுவது 100 கிராம். மிச்சம் எல்லாம் இனிப்புக்காக அங்கே இருக்கிறது, ஈஸ்டுக்கு அது தெரியாது. விட்டால் கடைசி மணி வரை தின்னும். "நல்லாய் நுரைக்கட்டும்" என்று ஈஸ்டை ஒரு தேக்கரண்டி அள்ளிப் போட்டால் நுரை அதிகமாகாது, வெடிக்க எடுக்கும் நேரம்தான் குறையும். சீனி முழுதும் புளித்துவிட்டால் மதுவின் அளவு ஏறத்தாழ 6 வீதம், அது சாதாரண லாகர் பியரைவிடக் கூட. உரிய நேரத்தில் குளிரில் வைத்தால் அரை வீதம் அளவில் நிற்கும். அரை வீதமும் மதுதான். சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஈஸ்ட் சேர்க்காத இஞ்சித்தண்ணீரைக் கடைச் சோடாவில் கலந்து கொடுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே இறுகியது என்றால், பிழை பெட்டியில். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால் கதவு இறப்பர் தளர்ந்திருக்கிறது. அது இறுக்கமாக இருந்தால் பெட்டியின் பின்புறத்துத் தூசைத் துடையுங்கள், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மின்சாரம் அடிக்கடி போய் வருகிற ஊரானால், வெட்டு நீளும் நாளில் போத்தல்களை எடுத்து வாயுவைச் சிறிது விட்டு மூடுங்கள். மின்சாரம் ஒழுங்காக இருந்தும் ஐஸ் தட்டு ஓர் இரவில் உறையவில்லை என்றால் பெட்டியைக் குளிரவைக்கும் வாயு கசிந்திருக்கலாம், அல்லது கொம்பிரசர் பலவீனப்பட்டிருக்கலாம். அது திருத்துநர் வேலை. நீங்கள் அதில் கை வைக்காதீர்கள். திருத்தக் கூலி பியரின் விலையைப்போலப் பல மடங்கு, ஆனால் பெட்டியில் மீனும் பாலும் கூடவே இருக்கின்றன.

வெடித்து யாருக்காவது காயம் என்றால்: கண்ணில் துண்டு பட்டால் கசக்காதீர்கள், பிடுங்காதீர்கள், அழுத்திக் கட்டாதீர்கள். ஒரு சிறு கோப்பையைக் கண்மேல் கவிழ்த்து மெதுவாகப் பிடித்தபடி 1990க்கு அழையுங்கள். அந்த அவசர ஊர்தி இலவசம். ஆழமான வெட்டு என்றால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அழையுங்கள், துண்டு உள்ளே நிற்கிறது என்றால் அதன்மேல் அழுத்தாமல் இரு பக்கமும் அழுத்துங்கள். காயம் இல்லாவிட்டாலும் அயலுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நடுச்சாமத்தில் குசினியில் ஒன்று வெடித்தால், இந்த ஊரில் யாரும் அதை முதலில் சோடா என்று நினைக்க மாட்டார்கள்.

அறிகுறி 3: புளிக்கிறது

எந்தப் புளிப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள். தேசிக்காய் கூடிய புளிப்பானால் முதல் நாளே தெரியும். சீனித்தண்ணீர் சேர்த்துக் குடித்துவிடலாம்.

மூக்கில் ஏறுகிற காடிப் புளிப்பு என்றால் காற்றுப் பட்டிருக்கிறது. கள்ளுக்கு நடப்பதும் இதுதான். காலையில் இறக்கியது மறுநாளே கடுக்கத் தொடங்கும். அதனால்தான் கருப்பநீர் வேண்டுமானால் முட்டிக்குள் சுண்ணாம்பு பூசிக் கட்டுகிறார்கள். உங்கள் போத்தலில் பார்க்க வேண்டியவை: அரைவாசிக்குக் கீழே நிரப்பினீர்களா, இறுக மூடாமல் துணி கட்டி வைத்தீர்களா, வடிக்கும்போது பழ ஈ விழுந்ததா. ஒரே ஓர் ஈ போதும், காடியாக்கும் பக்டீரியா அதன் காலிலேயே வரும். இஞ்சியும் தேசித்தோலும் கிடக்கும் மேசையை உடனே துடையுங்கள், பானையை நெருக்கமாக நெய்த துணியால் கட்டுங்கள். வலைத்துணி ஈயை நிறுத்தாது.

காடியானது திரும்பாது. அதில் இன்னும் சீனி போட்டுச் சரிசெய்யப் பார்ப்பது வீண். வேறு பிழை இல்லாவிட்டால் துணி கட்டி இன்னும் சில வாரம் வையுங்கள். சம்பலுக்கும் மீன் கழுவவும் நல்ல காடி கிடைக்கும். கொட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு மனம் கேட்பதில்லை.

ஒவ்வொரு முறையும் காடியாகிறது என்றால் பாத்திரத்தில் பிழை. போத்தலுக்குள் மணலும் தண்ணீரும் போட்டுக் குலுக்கிக் கழுவும் பழக்கம் நம்மிடம் உண்டு. கண்ணாடிக்குச் சரி. பிளாஸ்டிக்கில் அது உள்ளே நூற்றுக்கணக்கான கீறல்களை விடும், வெளிச்சத்தில் பிடித்தால் பால் படிந்ததுபோல மங்கித் தெரியும். அந்தக் கீறலுக்குள் இருப்பதை எந்தச் சவர்க்காரமும் எடுக்காது. போத்தலை மாற்றுங்கள். புதியதை மென்மையான துணியாலும் சுடுதண்ணீராலும் கழுவுங்கள், கொதிநீர் ஊற்றினால் சுருங்கும். வெளுக்கும் திரவம் பாவிப்பதானால் நான்கு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி, பத்து நிமிடம். பிறகு கொதித்தாறிய தண்ணீரால் இரண்டு முறை அலசுங்கள். அதோடு காடியோ தேசிக்காயோ சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

அறிகுறி 4: வாடை

கூழ்முட்டை வாடையா? முதலில் தண்ணீரை மட்டும் ஒரு சட்டியில் சூடாக்கி முகருங்கள். தண்ணீரிலேயே வாடை இருந்தால் கிணற்றின் குணம். அகன்ற பாத்திரங்களில் மாற்றி மாற்றி ஊற்றி, திறந்து கொதிக்கவிட்டால் பெரும்பாலும் போய்விடும். தண்ணீரில் இல்லை, போத்தலில்தான் என்றால் ஈஸ்ட் சூட்டில் அவதிப்பட்டிருக்கிறது. மூடியைத் திறந்து வாயுவை வெளியேற்றி, மூடிக் குளிரில் ஒரு நாள் வையுங்கள். போய்விட்டால் குடிக்கலாம்.

மருந்துக்கட்டு வாடையா? அது குளோரின். மார்கழி வெள்ளத்துக்குப் பிறகு கிணறுகளுக்குக் குளோரின் தூள் போடுவார்கள். குடிக்க அது அவசியம், பியருக்கு அது எதிரி. குளோரின் ஈஸ்டையும் நலிவாக்கும், முதல் அறிகுறியின் கடைசிக் காரணம் இதுவே. தண்ணீரை முன்னரே 15 நிமிடம் திறந்து கொதிக்கவிடுங்கள், பிறகு இஞ்சியைப் போடுங்கள். வெளுக்கும் திரவத்தால் கழுவிய போத்தலைச் சரியாக அலசாவிட்டாலும் இதே வாடை வரும். வாடை ஏறிய தொகுதியை மீட்க முடியாது.

இரும்புச் சுவையா? குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் தேயிலைச் சாயம் ஊற்றி வையுங்கள். சாயம் கறுத்தால் இரும்பு உண்டு. வவுனியாப் பக்கத்தில் சிறுநீரக நோய்ப் பயத்தால் பலர் சுத்திகரிப்பு நிலையத் தண்ணீர்தான் குடிக்கிறார்கள், இஞ்சிப் பியருக்கும் அது நன்றாகவே பொருந்தும். கொதிக்க வைத்தால் எல்லாம் போய்விடும் என்று நம்பாதீர்கள். கிருமி போகும், புளோரைட்டும் இரும்பும் போகா. கிணற்றுத் தண்ணீர் திடீரென்று நிறமோ வாடையோ மாறினால், பியரை விட்டுவிட்டுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். தண்ணீரைக் கட்டணத்துக்குச் சோதிக்கத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையும் இருக்கிறது.

அறிகுறி 5: மேலே படை பிடித்திருக்கிறது

வெள்ளையாய், தட்டையாய், சுருக்கம் விழுந்த மெல்லிய ஆடை என்றால் காட்டு ஈஸ்ட். தீங்கில்லை, சுவை மட்டும் மந்தமாகும். வழித்தெடுத்துவிட்டு மற்றதைப் பாருங்கள். பஞ்சு முளைத்திருந்தால், அல்லது பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு எந்த நிறமானாலும், மேலே வழித்துவிட்டுக் கீழே உள்ளதைக் குடிக்கும் சிக்கனம் வேண்டாம். பாத்திரத்தோடு கொண்டுபோய்க் கொட்டுங்கள்.

அறிகுறி 6: நூல் விடுகிறது

கரண்டியால் தூக்கினால் வெண்டிக்காய்ச் சாறு போல இழுபடுகிறது. சீனியைப் பசையாக மாற்றும் ஒருவகைப் பக்டீரியாவின் வேலை. வடித்தாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் குடிக்கும் பதத்துக்கு வராது. கொட்டிவிட்டு, வடிதுணியையும் மர அகப்பையையும் எறியுங்கள். இந்த இரண்டிலும்தான் அது அடுத்த தொகுதிக்குக் காத்திருக்கும். உலோகப் பாத்திரத்தைக் கொதிநீரால் கழுவினால் போதும்.

அறிகுறி 7: தாய்க்கலவை எழும்பவில்லை

பாண் ஈஸ்ட் வேண்டாம் என்று, இஞ்சியையும் சீனியையும் தண்ணீரில் புளிக்கவைத்துத் தாய்க்கலவை செய்கிறவர்களுக்கு மட்டும் இது. நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டி இஞ்சி, ஒரு தேக்கரண்டி சீனி போட்டுக் கிளறினால், நம் வெக்கையில் இரண்டு மூன்று நாளில் குமிழி விட வேண்டும்.

விடவில்லை என்றால், இஞ்சியின் தோலைச் சீவினீர்களா? தோலில்தான் ஈஸ்ட் இருக்கிறது. மண்ணை மட்டும் கழுவித் தோலோடு துருவுங்கள். தோலோடு போட்டும் இல்லை என்றால், இஞ்சி பழையதா என்று பாருங்கள். காய்ந்து நாரான துண்டால் வேலை ஆகாது. வீட்டுக் கோடியில் முளைவிட்ட இஞ்சி ஒரு துண்டு கிடைத்தால் அதைச் சேருங்கள், மறுநாளே வித்தியாசம் தெரியும். அதன் பிறகும் அசையாவிட்டால் குளோரின் தண்ணீர், அல்லது அடுப்புக்கு மிகக் கிட்ட வைத்தது. ஐந்து நாளுக்கு மேல் காத்திருப்பதில் பயன் இல்லை, புதிதாகத் தொடங்குங்கள்.

இன்னொரு பழைய முறையும் உண்டு: இங்கிலாந்து வீடுகளில் கைமாறி வந்த, புளிக்கவைக்கும் கட்டி கட்டியான ஒரு விதை. அதற்குள் ஈஸ்டும் பக்டீரியாவும் கூட்டுக்குடித்தனம் செய்கின்றன என்று 1892இல் விளக்கியவர் தாவரவியலாளர் ஹரி மார்ஷல் வார்ட். அவர்தான் 1880இல் இலங்கைக்கு வந்து, கோப்பித் தோட்டங்களை அழித்த இலைத்துரு நோயை ஆராய்ந்தவர். கோப்பியைக் காப்பாற்ற முடியவில்லை, இஞ்சிப் பியர் அவர் கையில் விளங்கியது. அந்த விதை இங்கே கிடைப்பதில்லை. தாய்க்கலவையே போதும்.

அறிகுறி 8: குடிக்கலாம், ஆனால் மனம் ஒப்பவில்லை

கசப்பு என்றால் தேசிக்காயைத் தோலோடு அமுக்கிப் பிழிந்திருக்கிறீர்கள், அல்லது தோலையும் கொதிக்கவிட்டிருக்கிறீர்கள். பாண் மணம் என்றால் அடிப்படிவைக் கலக்கி ஊற்றியிருக்கிறீர்கள். போத்தலை நிமிர்த்தியே குளிரவைத்து, கடைசி இரண்டு விரலை விட்டுவிடுங்கள். கலங்கல் பிழையல்ல. காரம் போதாவிட்டால் இஞ்சியைக் கூட்டுங்கள், சீனியைக் குறைக்காதீர்கள். பனங்கட்டியில் செய்தால் நிறம் கறுக்கும், மணம் அருமை, ஆனால் நுரை சில வேளை வேகமாக ஏறும். போத்தலை அமுக்கிப் பார்க்கும் விரலை எடுக்காதீர்கள்.

விற்கப் போகிறீர்கள் என்றால்

வீட்டில் நன்றாக வந்ததும் அடுத்த யோசனை திருவிழாவுக்கு விற்பது. அங்கே மேலே சொன்ன அமுக்கிப் பார்க்கும் கலை போதாது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் உங்களையும் கட்டும். முதலில் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைப் பாருங்கள், பிறகு பிரதேச சபையில் அனுமதிகளை விசாரியுங்கள். போத்தலில் மது எவ்வளவு என்பதை நாக்கால் சொல்ல முடியாது, ஆய்வுகூடம்தான் சொல்லும். அதற்கான செலவுதான் இந்தப் பட்டியலிலேயே பெரியது. மாதிரிப் போத்தலை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள். பஸ்ஸில் மடியில் வைத்துக் கொழும்பு வரை கொண்டுபோனால், அறிக்கையில் வருவது வழியில் புளித்ததன் கணக்குத்தான்.